நாலாவது கம்பு

வியாழக்கிழமை மாலை, எலுமிச்சை மரத்தில் ஓர் இலைகூட அசையாத நேரத்தில், விதானத்தின் ஒரு மூலை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

கெயுலா வீட்டு முன்னால் புல்தரையில் நான்கு பேர் ஆளுக்கொரு கம்பைப் பிடித்து நின்றார்கள். நான்கு கம்புகளின் உச்சியிலும் யூதர்களின் ஒரு பெரிய வெள்ளைப் பிரார்த்தனைச் சால்வை விரித்துக் கட்டப்பட்டிருந்தது. மணப்பெண் ஹதாஸின் அப்பாவுடையது அது. வரும் செவ்வாய்க்கிழமை அதன் கீழேதான் ஹதாஸும் மாப்பிள்ளையும் நிற்பார்கள். இன்று ஒத்திகை. மூன்று மூலைகளும் இஸ்திரி போட்ட மாதிரி அமைதியாக இருந்தன. நாலாவது மூலையிலிருந்து மட்டும் ஒரு சிற்றலை கிளம்பி, துணியின் நடுப்பகுதி வரை ஓடி, அடங்குவதற்குள் அடுத்த அலை கிளம்பியது.

நாலாவது கம்பைப் பிடித்திருந்தவர் கெயுலாவின் கணவர் ரஹமீம், ஹதாஸின் தாய்மாமன்.

"காத்து ஆரம்பிச்சிடுச்சு போல," என்றான் இத்தமார். ஹதாஸின் அண்ணன், இரண்டாவது கம்பு அவனுடையது.

"காத்து ஒண்ணும் இல்லடா. உன் மாமன் கைதான் காத்து," என்றார் ரஹமீம்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒருவர்தான் சிரித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல மாமா," என்றாள் ஹதாஸ், துணிக்குக் கீழே நின்றபடி. "நல்லாத்தான் இருக்கு."

"நீ மாப்பிள்ளையைப் பார்த்துட்டு நிப்ப, உனக்கு எப்படித் தெரியும்? வந்தவங்க மேல பார்ப்பாங்க."

கைநடுக்கம் புதிதல்ல. போன வருடமே மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரையும் கொடுத்துவிட்டார். மாத்திரை தன்னால் ஆனதைச் செய்தது. கெயுலாவுக்குப் புரியாதது வேறு. சட்டைப் பொத்தான் போடும்போது கொஞ்சமாகத் தெரிகிற நடுக்கம், கம்பின் உச்சிக்குப் போனதும் எப்படி இத்தனை பெரிதாகிறது? அதை நிறுத்த என்ன வழி?

முப்பத்தோரு வருடம் வட்டார உயர்நிலைப்பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். ஊசல், கப்பி, சாய்தளம், தராசு எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, பிள்ளைகள் உடைத்ததை ஒட்டி வைத்தவள். ஆகவே கேள்வியின் முதல் பாதிக்கு உடனே பதில் கிடைத்துவிட்டது. கம்பின் அடி தரையில் ஊன்றியிருக்கிறது. ரஹமீம் அதை மார்பு உயரத்தில் பிடித்திருக்கிறார். உச்சியோ அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது. கை ஒரு விரற்கடை அசைந்தால் உச்சி இரண்டு விரற்கடை அசையும். அவ்வளவுதான். இரண்டாவது பாதிக்குத்தான் பதில் இல்லை.

துணியைக் கம்பில் கட்டியதும் அவள்தான். சால்வையின் நான்கு மூலைகளிலும் புனிதக் குஞ்சங்கள் தொங்கும். அவற்றை இழுத்துக் கட்டக் கூடாது, துணியில் ஓட்டை போட ஹதாஸின் அப்பாவுக்கு மனம் வராது. கெயுலா ஒவ்வொரு மூலைக்கும் சற்று உள்ளே, துணிக்கு அடியில் ஓர் ஏப்ரிகாட் கொட்டையை வைத்து, துணியால் அதை மூடி, கொட்டைக்குக் கீழே துணியின் கழுத்தில் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டு, நாடாவைக் கம்போடு கட்டியிருந்தாள். எவ்வளவு இழுத்தாலும் கொட்டை நாடாவைத் தாண்டி வெளியே வராது. அவிழ்த்தால் துணியில் ஒரு சுருக்கம்கூட மிஞ்சாது. இந்த வேலையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இப்போது அந்தக் கர்வத்தின் ஒரு மூலை நடுங்கிக்கொண்டிருந்தது.

"கையை இன்னும் மேல பிடி," என்றாள்.

ரஹமீம் தலைக்கு மேலே பிடித்தார். உச்சியின் ஆட்டம் குறைந்தது. கணக்கு சரிதான். ஆனால் இரண்டு நிமிடத்தில் தோள் சோர்ந்து, முன்பைவிட அதிகமாக நடுங்கியது.

"கல்யாணத்துல ஏழு ஆசீர்வாதமும் சொல்லி முடியறதுக்குள்ள என்னையும் நாலு பேர் தூக்க வேண்டியிருக்கும்," என்று கையை இறக்கினார்.

கெயுலா முற்றத்திலிருந்து பெரிய வெயில்குடையின் சிமெண்ட் பீடத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். கம்பை அதில் செருகி, திருகை இறுக்கினாள். நடுக்கம் சட்டென்று நின்றது. துணி கண்ணாடி மாதிரி கிடந்தது. அவளுக்கு மகிழ்ச்சி பொங்கியது.

ரஹமீம் மெல்ல வலது கையை எடுத்தார். பிறகு இடது கையையும் எடுத்தார். விதானம் அப்படியே நின்றது.

"பிரமாதம். அப்ப நான் போய் உக்காந்துக்கலாம்ல? குடைக்கு எதுக்கு ஆளு?"

கெயுலா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, திருகைக் கழற்றினாள்.

கையால் பிடிப்பது இந்தக் குடும்பத்தின் பிடிவாதம். மண்டபத்துத் தோட்டத்தில் பூச்சுற்றிய இரும்புச் சட்டகம் ஒன்று எப்போதும் நின்றுகொண்டே இருக்கும், வாடகையோடு சேர்த்தி. ஹதாஸ் அதை வேண்டாமென்றாள். திரிப்போலியிலிருந்து புலம்பெயர்ந்து வந்து கூடாரத்தில் குடியிருந்த காலத்தில் அவளுடைய தாத்தா கல்யாணத்துக்கு நாலு பேர் மண்வெட்டிக் காம்பில் சால்வையைக் கட்டித் தூக்கிப் பிடித்தார்கள். அன்றுமுதல் இந்த வீட்டில் ஹூப்பா என்கிற கல்யாண விதானம் என்றால் நாலு உயிருள்ள ஆட்கள் பிடிக்க வேண்டும். ரஹமீம் ஐந்து கல்யாணங்களில் பிடித்திருக்கிறார். ஐந்தாவதில், ஆறு வயது ஹதாஸ் அவருடைய கம்பைக் கட்டிக்கொண்டு நின்று, "என் கல்யாணத்துக்கும் நீங்கதான் மாமா," என்று சொல்லியிருந்தாள். அவரும் சரி என்றிருந்தார்.

ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு, சமையலறையில் தட்டுகளைத் துடைத்தபடி ரஹமீம் சொன்னார்: "இருநூத்தைம்பது பேர் வருவாங்க கெயுலா. ஒருத்தரும் பொண்ணைப் பார்க்க மாட்டாங்க, என் மூலையைத்தான் பார்ப்பாங்க. 'பாவம் ரஹமீம்'ன்னு சொல்றது எனக்கு இப்பவே காதுல விழுது. அவ கல்யாணத்துல நான் எதுக்கு வேடிக்கைப் பொருளாகணும்? சனிக்கிழமை சபாத் முடிஞ்சதும் அவகிட்ட சொல்லிடறேன். வேற யாரையாவது நிறுத்திக்கட்டும்."

"அவ அழுவா."

"ரெண்டு நாள் அழுவா. அப்புறம் கல்யாணம் வந்துடும்."

"நீ?"

அவர் தட்டை இரண்டாவது முறையாகத் துடைத்தார்.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூன்றாம் வகுப்பிலேயே அவர் பதில் சொல்லாமல் எதையாவது துடைத்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை இத்தமார் ஒரு மூங்கிலோடு வந்தான். மற்ற மூன்று பேருக்கும் மரக்கம்பு. மாமாவுக்கு மட்டும் அவன் முதலிலேயே தோட்டப் பாசனத்துக்கு உபயோகிக்கிற அலுமினியக் குழாயை வெள்ளையடித்துக் கொடுத்திருந்தான். இப்போது அதைவிட இலேசானதைத் தேடிப் பிடித்திருந்தான்.

"மாமா, இதைத் தூக்கிப் பாருங்க. பஞ்சு மாதிரி இருக்கு. கை வலிக்கவே வலிக்காது."

கட்டிப் பார்த்தார்கள். துணி கொதிக்கிற பாலின் ஆடை மாதிரி துள்ளியது. இத்தமார் மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு தலைகுனிந்து போனான். இலேசான கம்பில் நடுக்கம் ஏன் கூடியது என்று கெயுலா அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் அடுப்பில் மீன் இருந்தது, சூரியன் இறங்கி சபாத் ஓய்வுநாள் தொடங்குவதற்குள் எல்லாச் சமையலும் முடிந்தாக வேண்டும்.

அன்று மாலை மேஜையில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. ரஹமீம் எழுந்து நின்று வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து ஒயினுக்கு ஆசீர்வாதம் சொன்னார். கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். போன ஒரு வருடமாக அந்த இடத்தில் கெயுலா ஒரு துண்டை நாலாக மடித்து விரித்து வைப்பாள். வழக்கம்போல் துண்டு சிவந்தது.

"மேஜைக்கும் ஒரு வாய்," என்றார் அவர், வழக்கம்போல்.

பிறகு அவர் உள்ளே போய் சமையலைச் சூடாக வைக்கும் மின்தட்டின் மேல் இருந்த ஹராய்மி மீன்குழம்புப் பானையை எடுத்து வந்தார். கெயுலாவுக்குத் தோள்வலி, கனமான பானைகள் எப்போதும் அவர் வேலை. தடித்த இரும்புப் பானை. அதில் எட்டுப் பேருக்குப் போதுமான மீன்துண்டுகள், விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை பூண்டும் மிளகாயும் மணக்கும் சிவந்த குழம்பு. வாசற்படியைத் தாண்டி, நாற்காலிகளைச் சுற்றி வந்து, மேஜை நடுவில் இறக்கினார்.

கெயுலா குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் மிதந்த எண்ணெய் வளையங்கள்கூட அசையவில்லை.

கிண்ணத்தைப் பார்த்தாள். சிவந்த துண்டைப் பார்த்தாள். மறுபடி பானையைப் பார்த்தாள்.

"ரஹமீம், அந்தப் பானையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வையேன்."

வைத்தார்.

"வேண்டாம், இந்தப் பக்கமே இருக்கட்டும்."

மறுபடி தூக்கி வைத்தார்.

"நடுவுலயே வெச்சிடு."

"உனக்கு மீன் வேணுமா, ஊர்வலம் வேணுமா?" என்றார் அவர். மூன்று முறையும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

இனி இருபத்தைந்து மணி நேரம் கெயுலா கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சபாத்தில் கம்பை இழைக்க முடியாது, துணியைக் கட்ட முடியாது, ஒரு வரி எழுதிக்கூட வைக்க முடியாது. ஆனால் புருஷனுக்குத் தண்ணீர் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சனிக்கிழமை காலை, ரஹமீம் தொழுகைக்கூடத்திலிருந்து வந்ததும், பெரிய கண்ணாடிக் கூஜாவில் அடியில் நாலு விரல் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். தண்ணீர் படபடவென்று ஆடியது. வாங்கி உள்ளே போய் விளிம்பு வரை நிரப்பி வந்து மறுபடி கொடுத்தாள். தண்ணீர் தூங்கியது.

"இதைக் குடிக்கணுமா, குளிக்கணுமா?" என்றார் ரஹமீம்.

"சும்மா பிடிச்சிக்கிட்டு நில்லு."

அவள் மனதுக்குள் காரணம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. கனமான பொருள் ஒரு சோம்பேறி. அதை அசைக்க நேரம் ஆகும். ரஹமீமின் கையோ ஒரு விநாடிக்குள் நாலைந்து முறை இடமும் வலமும் போய் வருகிறது. இடது பக்கம் போகச் சொன்ன செய்தி கனமான பொருளுக்கு உறைப்பதற்குள், வலது பக்கம் வரச் சொல்லும் செய்தி வந்துவிடுகிறது. இரண்டையும் கேட்காமல் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. இலேசான பொருள் மட்டும்தான் சொல்வதையெல்லாம் கேட்டு ஆடுகிறது. வெள்ளிக் கிண்ணம், அலுமினியக் குழாய், மூங்கில். பாவம் மாமா என்று எல்லோரும் சேர்ந்து இலேசாக்கிக் கொடுத்த ஒவ்வொன்றும்.

வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்து சபாத் முடிந்ததும் ரஹமீம் தொலைபேசியை எடுத்தார். கெயுலா அதன்மேல் கையை வைத்தாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் எனக்குக் குடு."

"எதுக்கு?"

"ஒரு சோதனை இருக்கு."

"பள்ளிக்கூடத்துல சோதனைக்கு முன்னாடி தவளைகிட்டயாவது சம்மதம் கேட்டீங்களா?" என்றார். ஆனாலும் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கெயுலா கடற்கரைக்குப் போய் ஒரு வாளி மணல் கொண்டு வந்தாள். ஈர மணல் குழாய்க்குள் கட்டிகட்டியாக மாட்டிக்கொள்ளும். ஆகவே அதைச் சலித்து, ரொட்டி சுடும் தட்டுகளில் பரப்பி வெயிலில் காய வைத்தாள். மத்தியானத்துக்குள் அது சர்க்கரை மாதிரி ஓடியது. அலுமினியக் குழாயின் அடியில் ஒயின் பாட்டில் தக்கை ஒன்றைச் சீவி அடித்து, மேலே புனல் வைத்து மணலை ஊற்றினாள். பாதி நிறைந்ததும் தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். இதற்கு மேல் போட்டால் மனுஷனுக்குக் கை வலிக்குமே என்று அங்கேயே நிறுத்தி, மேலேயும் ஒரு தக்கையை அடித்தாள்.

சாயங்காலம் கட்டிப் பார்த்தார்கள். மற்ற மூன்று மூலைகளை வேலியிலும் எலுமிச்சை மரத்திலும் கட்டிவிட்டு, நாலாவதை ரஹமீம் பிடித்தார். துணி நடுங்கியது. கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. இல்லை, அப்படியேதான் இருந்தது.

அவர் அவளைத் திட்டவில்லை. கேலி செய்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பரவாயில்ல கெயுலா," என்றார். "நாளைக்கு மருதாணிக்குப் போறோம்ல, அங்க நேர்லயே சொல்லிக்கிறேன். பேசணும்னு அவ அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

திங்கட்கிழமை காலை அவர் சவரம் செய்யப் போன நேரத்தில், கெயுலா குழாயைக் கிடையாகத் தூக்கி, தராசு முள்ளைத் தேடுகிற பழக்கத்தில், ஒற்றை விரலின் மேல் வைத்துப் பார்த்தாள். நடுவில் வைத்தால் அடிப்பக்கம் சாய்ந்தது. விரலை அடியை நோக்கி நகர்த்திக்கொண்டே போனாள். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில்தான் அது சமமாக நின்றது.

அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மணல் முழுக்க அடியில் இறங்கிக் கிடக்கிறது. அடியோ தரையில் ஊன்றியிருக்கிறது. அசையாத இடத்துக்கு எதற்குப் பாரம்? ஆடுவது உச்சி. உச்சி வெறும் குழாயாகவே இருக்கிறது. கை வலிக்கும் என்று பயந்ததும் வீண். குழாயின் எடையைத் தாங்கப் போவது பூமி; அவர் கை அதைச் சாயாமல் நிறுத்தினால் போதும். இத்தமாருடைய மூங்கிலைப் பார்த்து மனதுக்குள் அலுத்துக்கொண்டவள், தானும் பாவம் பார்த்துப் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறாள்.

மேல் தக்கையைப் பிடுங்கினாள். மிச்ச மணலை ஊற்றினாள். சுத்தியல் காம்பால் குழாயைத் தட்டத் தட்ட மணல் இறங்கி இடம் கொடுத்தது. மறுபடி ஊற்றி, உச்சிவரை நிரப்பி, தக்கையை இறுக்க அடித்தாள். நேற்றுப் போலவே துணியைக் கட்டினாள்.

"ரஹமீம், வா."

பாதி முகம் சோப்பு நுரையோடு வந்தார். கம்பைக் கையில் வாங்கியதும் புருவம் உயர்ந்தது. "என்னடி இது, பீரங்கியா?"

"நிமித்திப் பிடி. தூக்காத, தரை தாங்கும்."

நிமிர்த்திப் பிடித்தார். கெயுலா மேலே பார்த்தாள். அவர் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றார்.

"நீயே பாரு."

துணி அசையாமல் கிடந்தது. கைகள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அவர் சட்டையின் கைமடிப்பு படபடத்தது. நடுக்கம் விரல்களில் தொடங்கி குழாய்க்குப் போய் அங்கேயே தொலைந்தது.

நிறைய நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ரஹமீம் வலது கையை எடுத்தார். பிறகு, குடைப் பீடத்தை நினைத்துக்கொண்டவர் போல, இடது கையையும் எடுத்தார். குழாய் ஒரு கணம் நின்றது. உடனே உள்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. துணி தொய்ந்தது. அவர் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினார்.

"விட்டா விழுது," என்றார்.

"ஆமா. நீ பிடிச்சாத்தான் நிக்கும்."

சோப்பு நுரை கன்னத்தில் காய்ந்துகொண்டிருக்க, அவர் இன்னும் பத்து நிமிடம் அந்தக் கம்பை விடவில்லை.

அன்று சாயங்காலம் மருதாணி விழாவில் ஹதாஸ் சிவந்த உள்ளங்கைகளை விரித்தபடி வந்து, "மாமா, அம்மா சொன்னாங்க, நீங்க ஏதோ பேசணும்னு," என்றாள். அவள் குரல் ஏற்கெனவே பயந்திருந்தது.

"ஆமா. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"ஆறு மணிக்கு."

"அஞ்சரைக்கு வந்துடறேன். நல்ல இடமா பார்த்துப் பிடிக்கணும்."

செவ்வாய்க்கிழமை, படைப்பின் கதையில் 'நல்லது' என்று இரண்டு முறை சொல்லப்பட்ட நாள். அந்த ஊரில் பாதிக் கல்யாணம் அன்றுதான். சூரியன் கடலுக்கு மேல் ஒரு சாண் இருந்தபோது நான்கு கம்புகளும் தோட்டத்துப் புல்லில் ஊன்றின. மதகுருவான ரப்பி திருமண ஒப்பந்தத்தை வாசித்தார். மாப்பிள்ளை ஹதாஸின் ஆள்காட்டி விரலில் மோதிரம் போட்டார். ஏழு ஆசீர்வாதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கெயுலா இரண்டாவது வரிசையில் நின்று, பெண்ணைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். எது எந்த மூலை என்று தெரியாதவர்களுக்கு அது நான்கும் ஒன்றுபோல இருக்கிற ஒரு வெள்ளைத் துணி. கடைசி ஆசீர்வாதத்தின்போது அவளும் பெண்ணைப் பார்த்தாள். வழக்கப்படி மாப்பிள்ளை மிதித்த கண்ணாடிக் குவளை நொறுங்கியது. இருநூற்றைம்பது பேர் வாழ்த்துச் சொல்ல, ஹதாஸ் முதலில் திரும்பியது நாலாவது கம்பின் பக்கம்தான். மாமனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கம்பும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"ஏய், விதானம் விழுந்துடும். நான் பிடிச்சிட்டு இருக்கேன்ல," என்றார் ரஹமீம்.

ஆட்டம்பாட்டம் தொடங்கிய பிறகு, மாப்பிள்ளையின் தம்பி ஓஃபிர் கம்புகளை வண்டியில் ஏற்ற வந்தான். அவன் மூன்றாவது கம்பைப் பிடித்தவன். கெயுலா துணி மூலைகளிலிருந்து ஏப்ரிகாட் கொட்டைகளை அவிழ்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று மரக்கம்புகளை ஒரே கையில் அள்ளிய ஓஃபிர், நாலாவதை எடுக்கப் போய் நின்றுவிட்டான்.

"அத்தை, இது என்ன இந்தக் கனம் கனக்குது? மாமாவுக்குப் போய் இதையா குடுத்தீங்க? உள்ள என்ன இருக்கு?"

"காஞ்ச கடற்கரை மணல், ரெண்டே முக்கால் கிலோ," என்றாள் கெயுலா. "ரெண்டு முனையிலயும் தக்கை. பாதியில நிறுத்தக் கூடாது, உச்சிவரைக்கும் நிரப்பணும்."